தரை வகுத்த படகு

கடல் வரலாறு என்றவுடன் பெருங்கலங்களே நினைவுக்கு வருகின்றன. பேரரசுகளின் போர்க்கப்பல்கள், வணிகக் குழுக்களின் சரக்குக் கலங்கள், புதுநிலம் தேடிப் புறப்பட்டோரின் மரக்கலங்கள் ஆகியவற்றுக்கு ஆவணங்களும் ஓவியங்களும் காப்பியங்களும் உண்டு. இருவர் அமரக்கூடிய, கரையிலிருந்து கையால் தள்ளிவிடக்கூடிய சிறு பாய்மரப் படகுக்கு அவ்வாறான பெருவரலாறு வாய்க்கவில்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அச்சிறு படகு அடைந்த மாற்றங்களை நிரல்பட வைத்து நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலனாகும். அப்படகின் நீளத்தையும், பாய்மரத்தின் உயரத்தையும், கயிறுகளின் அமைப்பையும் பெரிதும் வகுத்தது கடல் அன்று, தரை. இரயில் பெட்டியின் நீளமும், காரின் கூரையும், காரின் பின்னால் பூட்டி இழுக்கும் டிரெய்லர் வண்டியுமே அதன் உருவத்தை முடிவுசெய்தன.

தரைக்குப் பணிந்த படகு கடலுக்குத் தகுதியற்றதாகும் என்று கருதத் தோன்றும். வரலாறு அவ்வாறு அமையவில்லை. தரைப் பயணத்திற்காக மேற்கொண்ட விட்டுக்கொடுப்புகள் ஒவ்வொன்றும் பின்னர்க் கடலிலேயே படகின் வலிமையாக மாறின. அதனினும் மேலாக, துறைமுகத்தில் நிலையான இடம் பெற இயலாத எண்ணற்ற குடும்பங்களுக்குக் கடலின் வாயிலை அவையே திறந்துவிட்டன.

இருப்புப்பாதையில் ஏறிய படகு

ஜான் மக்கிரெகர் (1825–1892) ஸ்காட்லாந்துக் குடிவழியில் வந்த வழக்கறிஞர். 1865ஆம் ஆண்டில் அவர் 'ராப் ராய்' என்னும் தம் சிறு படகோடு ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் நெடும்பயணம் மேற்கொண்டார். அப்படகு 15 அடி நீளமும் 28 அங்குல அகலமும் உடையது; எடை 80 இராத்தல். இருபுறமும் அலகுள்ள துடுப்பால் செலுத்தப்பட்டது. காற்று வாய்க்கும்போது சிறு பாய் விரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வெளிவந்த அவருடைய பயண நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்த 1866ஆம் ஆண்டிலேயே இலண்டனில் இவ்வகைப் படகோட்டிகளுக்கென ஒரு மன்றமும் தோன்றியது.

இங்கு நோக்கத்தக்கது படகின் நீளம். ஜெர்மானிய இரயில் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதே அந்நீளத்தை வரையறுத்தது. ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குப் படகைக் கொண்டு செல்ல மக்கிரெகர் இரயிலையும் மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மனிதத் தோளையும் பயன்படுத்தினார். நீர்வழி அறுபடும் இடத்தில் பயணம் முடிவதில்லை. அங்கே தரைவழி தொடங்குகிறது. படகு, ஓட்டுபவனைச் சுமக்கும் பொருளாக மட்டுமன்றி, ஓட்டுபவனால் சுமக்கப்படும் பொருளாகவும் ஆகிறது. பின்வந்த நூற்றாண்டின் படகு வடிவமைப்பாளர்களை ஆட்டிப்படைத்த கேள்வி இங்கேயே முளைவிட்டது எனலாம்: படகு தரையில் எவ்வாறு செல்லும்?

துறைமுகம் இல்லாதவர்கள்

இரண்டாம் உலகப்போருக்கு முன்னைய பிரிட்டனில் உல்லாசப் பாய்மரக் கலம் பெரும்பாலும் செல்வர்களின் உடைமை. அதற்கு நங்கூரமிட இடம் வேண்டும். குளிர்காலத்தில் கரையேற்றிக் காக்கும் பட்டறை வேண்டும். பெரிய கலமாயின் கூலிக்கு அமர்த்திய கடலோடிகள் வேண்டும். அக்கலங்களின் உயர்ந்த பாய்மரத்தை நிமிர்த்தி, தாங்குகயிறுகளை முறுக்கேற்றிச் சீர்செய்வது தேர்ந்த தொழிலாளியின் வேலை. உரிமையாளர் பலருக்கு அக்கயிறுகளின் நுட்பம் தெரிய வேண்டிய தேவையே எழவில்லை.

போர் முடிந்தபின் நிலைமை மாறியது. மரத்தாலான போர் விமானங்களைக் கட்டுவதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட செயற்கைப் பிசின் பசைகளும், நீர் புகாத ஒட்டுப்பலகைகளும் அமைதிக்காலத்தில் படகுக் கட்டுமானத்திற்குக் கிடைத்தன. மரச்சட்டங்களை வளைத்து, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்துப் படகு கட்டிய மரபுத் தச்சனின் கைத்திறன் இல்லாமலேயே, தட்டையான பலகைகளை வெட்டி ஒட்டி இலேசான படகை அமைக்க முடிந்தது. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் பெட்ரோல் பங்கீடு நீங்கியது. அவ்வாண்டில் ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த தனியார் கார்களின் எண்ணிக்கை 1960இல் 50 இலட்சத்தை நெருங்கியது. படகு இலேசானதும் கார் பெருகியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும்.

இக்காலத்தின் முதன்மையான வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் (1912–1995). சிறுவர்க்கான 'கேடட்' படகை 1947இலும், 'ஜி.பி. 14' என்னும் 14 அடிப் படகை 1949இலும் அவர் வடிவமைத்தார். பின்னதன் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் 'பொதுப் பயன்' என்பதைக் குறிக்கும். பந்தயத்திற்கும் குடும்ப உலாவுக்கும் உதவுவதோடு, எளிய குடும்பக் காரின் பின்னால் டிரெய்லரில் வைத்து இழுத்துச் செல்லத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1956இல் 'நியூஸ் க்ரானிக்கிள்' நாளிதழின் ஆதரவில் 'என்டர்பிரைஸ்' என்னும் நீலப் பாய்ப் படகு வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அவ்வகைப் படகுகள் இரண்டு ஆங்கிலக் கால்வாயை இரவில் கடந்து காட்டின. நாளிதழ் ஒன்று படகுக்கு ஆதரவளிப்பது, படகோட்டம் மன்ற உறுப்பினர்களின் வட்டத்தைக் கடந்து செய்தித்தாள் வாசகர்களின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதன் அடையாளம்.

சிவப்புப் பாய்

அந்நுழைவின் உச்சம் 1963 ஜனவரியில் இலண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமான 'மிர்ரர்' படகு. உழைக்கும் மக்களிடையே பெருவழக்காக இருந்த 'டெய்லி மிர்ரர்' நாளிதழின் பெயரையே அது தாங்கியது. அதன் பாய்களின் சிவப்பு நிறமும் அந்நாளிதழின் தொடர்பால் வந்ததே. அதனை உருவாக்கியவர் இருவர். ஒருவர் ஜாக் ஹோல்ட். மற்றவர் பாரி பக்நெல். வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்வது எப்படி என்று பி.பி.சி. தொலைக்காட்சியில் கற்பித்துப் புகழ்பெற்றவர். கதவுக்குப் பலகை அடிக்கவும் அலமாரி செய்யவும் மக்களைப் பழக்கியவர் படகு செய்யவும் பழக்கினார்.

முன்னரே அளந்து வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள் ஒரு தொகுப்பாக விற்கப்பட்டன. துண்டுகளின் விளிம்புகளில் துளையிட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைத்து இணைக்க வேண்டும். பின்னர் அத்தையல்களின்மீது கண்ணாடியிழை நாடாவைப் பதித்துப் பிசின் பூச வேண்டும். இம்முறையைப் படகுத் துறையில் முன்னதாக வளர்த்தவர் கென் லிட்டில்டைக் என்னும் சிறுபடகுக் கலைஞர். அதை உலகறியச் செய்தது மிர்ரர். தொடக்கத்தில் தொகுப்பின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். ஆண் உடலுழைப்புத் தொழிலாளியின் சராசரி வாரக்கூலி 16 பவுண்டைச் சற்றே கடந்திருந்த காலம் அது. ஏறத்தாழ நான்கு வாரக் கூலியில் ஒரு படகு என்பது அதற்குமுன் எண்ணிப் பார்க்க இயலாத கணக்கு. வீட்டின் கார்க்கொட்டிலிலும் பள்ளிப் பட்டறையிலும் சில வேளைகளில் கூடத்திலும்கூட அப்படகுகள் உருவாயின. காலப்போக்கில் கட்டப்பட்டவை 70,000க்கும் மேற்பட்டவை.

மிர்ரரின் நீளம் 3.3 மீட்டர், அடிக்கலத்தின் எடை ஏறத்தாழ 45 கிலோ. இருவர் தூக்கிக் காரின் கூரைமீது கவிழ்த்துவிடலாம். அணியம் கூர்மையாக இராமல் தட்டையாக வெட்டப்பட்டிருந்தமையால் குறைந்த நீளத்திலும் உள்ளிடம் மிகுந்தது, கட்டுவதும் எளிதாயிற்று. ஆனால் பாய்மரத்தை என்ன செய்வது? 3.3 மீட்டர் நீளப் படகுக்குத் தக்க பாயைத் தாங்க ஒற்றை மரம் நாட்டினால் அது படகைவிட நீண்டதாகிவிடும். காரின் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தோடு ஊர் கடந்து செல்வது தொல்லை. குறுகிய வீட்டில் அதை வைத்துக் காப்பது அதனினும் தொல்லை.

இதற்கு ஹோல்டும் பக்நெல்லும் கண்ட விடை புதியதன்று. வழக்கொழிந்து கொண்டிருந்த பழையதொரு பாய்க்கட்டு. 'கன்ட்டர்' எனப்படும் அதில் பாய்மரம் குட்டையானது. பாயின் மேற்பகுதி வேறொரு கழியில் கோக்கப்பட்டிருக்கும். பாயைத் தாங்கும் இத்தகைய குறுக்குக் கழியைத் தமிழ்க் கடலோடிகள் பருமல் என்பர். ஆனால் கன்ட்டரில் அது குறுக்கே நிற்பதில்லை. ஏற்றுகயிற்றை இழுக்க இழுக்கப் பருமல் பாய்மரத்தை ஒட்டியே மேலேறி, அதற்கு மேல் ஏறத்தாழச் செங்குத்தாக நின்றுவிடும். தொலைவிலிருந்து காண்போர்க்கு ஒரே நெடுமரம்போலத் தோன்றும். இறக்கியபின் மரம், பருமல், பாயின் அடிவிளிம்புக் கழி ஆகிய மூன்றும் படகின் நீளத்திற்குள் அடங்கிவிடும். கூர்முனைப் பந்தயப் படகுகளில் பழகியவர்களின் கண்ணுக்கு இது பழைய மீன்பிடி வள்ளத்தின் சாயலாகத் தோன்றியிருக்கும். ஆயினும் அந்தக் குட்டை மரமே படகைக் காரில் ஏற்றியது.

நிமிர்த்தலும் ஏற்றுதலும்

துறைமுகத்தில் நிலையாக மிதக்கும் கலத்தின் பாய்மரம் பருவத்திற்கு ஒருமுறை நிமிர்த்தப்படும். காரில் வரும் படகின் மரமோ ஒவ்வொரு விடுமுறை நாளிலும் காலையில் நிமிர்த்தப்பட்டு மாலையில் சாய்க்கப்பட வேண்டும். இதனால் ஓர் அறிவுமாற்றம் நிகழ்ந்தது. கூலிக் கடலோடியின் கையில் இருந்த கயிற்று நுட்பம், ஆசிரியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கைவந்தது.

அந்நுட்பம் எளிதன்று. மரத்தின் இருபுறத் தாங்குகயிறுகளும் ஒரே நீளத்தில் இருத்தல் வேண்டும். இன்றேல் மரம் ஒருபுறம் சாய்ந்து, ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் மந்தமாகவும் படகு செல்லும். முன்தாங்குகயிற்றைத் தளர்த்திப் பக்கக் கயிறுகளை இறுக்கினால் மரம் பின்னோக்கிச் சாயும். அப்போது பாயின்மீது காற்று அழுத்தும் மையமும் பின்னுக்கு நகர்வதால், படகின் அணியம் காற்றை நோக்கித் தானே திரும்ப முயலும். சுக்கான் பிடிப்பவர் கையில் கனம் தெரியும். மரத்தை முன்னோக்கிச் சாய்த்தால் இதற்கு மாறாக நிகழும். காற்றை நோக்கித் திரும்பும் இயல்பு சிறிதளவு இருப்பதே நன்று. சுக்கானைக் கைவிட நேர்ந்தாலும் படகு காற்றெதிர் திரும்பிப் பாய் படபடக்க நின்றுவிடும். ஓட்டுபவரை விட்டு ஓடிவிடாது. மரத்தின் உச்சியிலிருந்து படகின் பின்விளிம்பு வரை அளவு நாடாவைப் பிடித்து இச்சாய்வை அளந்து குறித்துவைப்பது வழக்கம். முன்பாயின் விளிம்பு தொய்ந்தால் படகு காற்றுக்கு நெருங்கிச் செல்லாது. கன்ட்டர் கட்டில் மற்றுமொரு கவனமும் தேவை. ஏற்றுகயிறு அரை அங்குலம் தளர்ந்தாலும் பருமல் மரத்தைவிட்டு விலகிச் சாயும். பாயின் மேற்பாதி தன் வலுவை இழக்கும்.

தரையில் ஏற்றுவதற்கும் இணையான இலக்கணம் உண்டு. படகு ஒரு சிறிய கைவண்டியில் அமர்ந்திருக்கும். அக்கைவண்டியோடு சேர்த்தே அது நெடுஞ்சாலை டிரெய்லரின்மேல் ஏற்றப்படும். நீருக்குள் இறங்குவது கைவண்டி மட்டுமே. டிரெய்லரின் சக்கர உருளைகளில் உப்புநீர் படாது. எடை பின்புறம் மிகுந்தால் டிரெய்லர் சாலையில் பாம்புபோல் நெளியத் தொடங்கும். முன்புறம் அளவிறந்து மிகுந்தால் காரின் பின்பகுதி அமிழ்ந்து முன்சக்கரங்களின் பிடி குறையும். ஆகவே இணைப்புக் கொக்கியின்மீது அளவான பாரம் கீழ்நோக்கி அழுத்துமாறு படகை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பர். சுக்கானும் நடுப்பலகையும் கழற்றப்பட்டுத் துணியில் சுற்றப்படும். பட்டைகள் படகின்மீது உராயும் இடங்களில் மெத்தை வைக்கப்படும். பட்டையை மிக இறுக்கினால் மெல்லிய ஒட்டுப்பலகை நசுங்கும், தளர்த்தினால் படகு துள்ளும். அணியம் தனிக் கயிறொன்றால் டிரெய்லரின் முன்தூணோடு பிணைக்கப்படும். பின்னால் நீளும் மரத்தின் நுனியில் சிவப்புத் துணி கட்டப்படும்.

இக்கட்டளைகள் அற்பமானவை போலத் தோன்றினும் உயிரோடு தொடர்புடையவை. அலுமினியப் பாய்மரங்கள் பரவியபின், படகுத்துறைக்கு அருகே நிமிர்த்தப்பட்ட மரம் மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டு உயிர்கள் பலியான நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. 'மேலே பாருங்கள்' என்னும் பொருள்பட எச்சரிக்கைப் பலகைகள் படகு நிறுத்துமிடங்களில் நடப்பட்டமைக்கு இதுவே காரணம். கடலில் இறங்கும் முன்பே கடலோடிக்கு இடர் காத்திருக்கிறது. அதை எதிர்கொள்ளும் அறிவும் கடலறிவின் ஒரு பகுதியே.

புயலில் படுத்த மரம்

தரைக்காகச் சாயும் மரம் கடலில் என்ன பயன் தரும் என்பதற்கு, 'வேஃபேரர்' என்னும் படகு சான்றாக அமைந்தது. இயன் ப்ராக்டர் 1957இல் வடிவமைத்த இப்படகு 4.82 மீட்டர் நீளமுடையது. மரத்தின் அடிப்பகுதி ஒரு தாங்குகூட்டில் அச்சாணி கொண்டு பொருத்தப்பட்டிருந்தமையால், படகில் இருப்போரே அதனைக் கதவுபோல மடக்கிச் சாய்க்கவும் நிமிர்த்தவும் முடியும். டிரெய்லரில் இழுத்துச் செல்வதற்கும் பாலங்களின் கீழ் நுழைவதற்கும் ஏற்ற குடும்பப் படகு அது.

பிராங்க் டை என்னும் ஆங்கிலேயர் 'வாண்டரர்' எனப் பெயரிட்ட தம் வேஃபேரரில், ஒரே ஒரு துணைவருடன் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குச் சென்றார். மேல்தளமோ அறையோ இல்லாத திறந்த படகு. கடும்புயல் எழும்போது அவர் கையாண்ட முறை எளியது: பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, அணியத்திலிருந்து கடல்நங்கூரம் என்னும் துணிக் கூம்பை நீரில் மிதக்கவிடுவார். உயர்ந்த மரத்தைக் காற்று பற்றாது. கூம்பு இழுத்துப் பிடிப்பதால் படகு அலைக்கு முகங்கொடுத்து நிற்கும். இருவரும் படகினுள் ஒடுங்கிக் காத்திருப்பர். 1964இல் அவர் நார்வே நோக்கிச் சென்றபோது நேர்ந்த பெரும்புயலில் படகு நான்கு முறை கவிழ்ந்தது; மரம் முறிந்தது. எஞ்சியதைக் கொண்டு தற்காலிகப் பாய்க்கட்டு அமைத்து அவர்கள் கரை சேர்ந்தனர். கவிழ்ந்த படகை நிமிர்த்தி, முறிந்த மரத்தை மீண்டும் கட்டும் ஆற்றல், தம் படகின் ஒவ்வொரு கயிற்றையும் தாமே பலநூறு முறை கட்டி அவிழ்த்தவர்க்கன்றி வேறெவர்க்கும் வாய்த்திராது. வாண்டரர் பின்னர் இங்கிலாந்தின் ஃபால்மத் நகரிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

மிர்ரரின் குட்டை மரமும் இவ்வாறே தன் மதிப்பைக் காட்டியது. காற்று மிகும்போது பாயைச் சுருக்கினால், கன்ட்டர் கட்டில் பருமலும் கீழிறங்குகிறது. உயரத்தில் தொங்கும் எடை குறைந்து படகு நிலைபெறுகிறது. ஒற்றை நெடுமரப் படகில் பாயைச் சுருக்கினாலும் மரம் அதே உயரத்தில் நின்று ஆடும். 1990களின் இறுதியில் ஏ. ஜே. மக்கின்னன் என்னும் ஆசிரியர், இங்கிலாந்து வேல்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ஐரோப்பிய ஆறுகளின் வழியே கருங்கடல் வரை மிர்ரரிலேயே சென்றார். பாய்க்கும் துடுப்புக்கும் ஒருங்கே இசைவதும், பாலத்தின் கீழே மரத்தை எளிதில் இறக்கி வைக்க இடந்தருவதுமான ஒரு படகு அத்தகைய பயணத்திற்குப் பொருந்தியமை வியப்பன்று. மக்கிரெகரின் ஆற்றுப்பயணம் 130 ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு சிறுபடகில் தொடர்ந்தது எனலாம்.

இரு துண்டு மரம்

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கேள்விக்கு வேறொரு விடை கிடைத்தது. 1969இல் கனடாவின் மான்ட்ரியால் பகுதியைச் சேர்ந்த இயன் புரூஸ், வடிவமைப்பாளர் புரூஸ் கர்பியிடம் (1929–2021) காரின் கூரைமீது ஏற்றிச் செல்லத்தக்க ஒரு படகு வேண்டும் எனத் தொலைபேசியில் கேட்டார். அவ்வுரையாடலின்போது கர்பி தாளில் தீட்டிய கோட்டுருவமே பின்னர் 'லேசர்' ஆயிற்று. 1971 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அது அறிமுகமானது. நீளம் 4.2 மீட்டர், அடிக்கலத்தின் எடை 59 கிலோ. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட லேசர்கள் உலகெங்கும் கட்டப்பட்டன.

லேசரின் மரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்படும் இரு குழாய்த் துண்டுகளால் ஆனது. தனித்தனியே வைத்தால் இரண்டும் படகின் நீளத்திற்குள் அடங்கும். பாயின் முன்விளிம்பு உறைபோலத் தைக்கப்பட்டு மரத்தின்மீது மாட்டப்படும். தாங்குகயிறுகள் இல்லை, ஏற்றுகயிறும் இல்லை. மரம் வில்போல வளைந்து காற்றின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். கயிற்றிலக்கணம் முழுவதும் பாயின் அடிவிளிம்புக் கழியைக் கீழிழுக்கும் கயிற்றிலும் பாயின் விளிம்புகளை இறுக்கும் கயிறுகளிலும் சுருங்கிவிட்டது.

காரில் ஏற்றுவதற்காகத் துண்டாக்கிய இம்மரம் எதிர்பாராத நன்மை ஒன்றைத் தந்தது. மேல்துண்டையும் அடிக்கலத்தையும் மாற்றாமல், கீழ்த்துண்டை மட்டும் குட்டையாக்கி அதற்கேற்ற சிறு பாயை மாட்டினால், உடல் எடை குறைந்தவர்களும் அதே படகைப் பலத்த காற்றில் ஆளலாம். இவ்வாறு உருவான 'லேசர் ரேடியல்' 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஒற்றையர் படகாயிற்று. லேசர் 1996 முதலே ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருந்தது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்வகைப் படகிலேயே போட்டியிட்டார். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் பங்கேற்றார். காரின் கூரைக்காக வெட்டிய மரத்துண்டு, பந்தயக் கடலில் பெண்களுக்கு இடம்விட்டுக் கொடுத்தது என்பது இவ்வரலாற்றின் இனிய திருப்பங்களுள் ஒன்று.

கட்டும் அவிழ்ப்பும்

இவ்வளர்ச்சியை முற்றான மக்கள் வெற்றியெனக் கொண்டாடுவது மிகையாகும். டிரெய்லர் இழுக்கக் கார் வேண்டும். கார் இல்லாத ஏழைக்கு மிர்ரரின் நான்கு வாரக் கூலி விலையும் பயனளிக்கவில்லை. படகை நீரில் இறக்கப் பொதுச் சரிவுத்துறை வேண்டும்; கரையோர நிலம் தனியார் வேலிக்குள் சென்றுவிட்ட இடத்தில் எவ்வளவு இலேசான படகும் தரையிலேயே நிற்கும். வார்த்தெடுத்த கண்ணாடியிழைக் கலங்கள் பெருகியபின், படகைத் தானே தைத்துக் கட்டும் வழக்கமும் குறைந்தது. இக்குறைகளுக்கிடையிலும் ஒன்றை மறுக்க இயலாது. அதற்குமுன் கடலைக் கரையிலிருந்து பார்த்து மட்டுமே மகிழ்ந்த பெருங்கூட்டம், ஒரு தலைமுறைக் காலத்தில் தன் கையால் கயிறு கட்டிக் கடலில் இறங்கியது.

இவ்விடத்தில் தமிழ்க் கடற்கரையின் கட்டுமரம் நினைவுக்கு வருவது இயல்பே. 1697இல் வில்லியம் டாம்பியர் வெளியிட்ட பயண நூல் அச்சொல்லை ஆங்கில வாசகர்க்கு அறிமுகப்படுத்தியது. பின்னாளில் இரட்டைக் கலப் படகுகளுக்கு அது பெயராயிற்று. அவ்விரட்டைக் கல வடிவம் பசிபிக் தீவினர் தந்தது. பெயரோ தமிழ் தந்தது. உண்மையான கட்டுமரத்தில் கலமே இல்லை. மென்மரக் கட்டைகளும் கயிறும் மட்டுமே உண்டு. கடலிலிருந்து மீண்டதும் மீனவர் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்துத் தோளில் சுமந்து மணலில் உலர்த்துவர். மறுநாள் மீண்டும் கட்டுவர். துறைமுகம் இல்லாத, அலை மோதும் திறந்த கரை அவர்களுக்குக் கற்பித்த முறை அது. அங்கும் கலத்தின் வடிவை வகுத்ததில் கரைக்குப் பெரும்பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், குறிப்பாக 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னும், கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் கைப்பற்றிவிட்டன.

ஐரோப்பியக் குடும்பம் விடுமுறைக்குப் படகை அவிழ்ப்பதும், சோழமண்டல மீனவர் வயிற்றுப்பாட்டுக்கு மரத்தை அவிழ்ப்பதும் ஒன்றல்ல. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததும் அன்று. எனினும் இரண்டிலும் கலம் என்பது நிலைத்த உடைமையாக இராமல், நாள்தோறும் புதிதாகக் கட்டப்படும் செயலாக இருக்கிறது. மாலையில் அவிழ்த்தவர் காலையில் கட்டத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். அவ்வறிவை வேறெவரிடமும் ஒப்படைக்க இயலாது. சிறு படகின் வரலாறு எழுதப்படுமாயின், அது கடந்த மைல்களைப் பற்றியதாக மட்டும் அமையாமல், கரையில் அந்த முடிச்சுகளைக் கற்ற கைகளைப் பற்றியதாகவும் அமைதல் வேண்டும்.